புதுப்பிப்பு: ராயபுரம் அச்சகத்தின் பழைய சிடிக்களும் அந்த ஐந்து இலக்க எண்ணும்

சிடியோடு வந்த பட்டியலில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐந்து இலக்க எண், பக்கத்தில் ஒரு சின்ன எண். ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் செக்சம் எண் அது. எம்டி5 என்ற வழக்கமான செக்சம் எதிலும் பொருந்தவில்லை, எந்தக் கணக்கு இது என்பதுதான் முந்தைய இழையின் கேள்வி. விடை: யூனிக்ஸின் பழைய 'சம்' கமாண்ட். அதில்தான் சிக்கலே, ஒரே பெயரில் இரண்டு கணக்கு: யூனிக்ஸின் இரண்டு கிளைகளான பிஎஸ்டி, சிஸ்டம் ஃபைவ் ஒவ்வொன்றுக்கும் ஒன்று.

முதலில் அந்தச் சின்ன எண்ணைப் பாருங்கள். அது பிளாக் எண்ணிக்கை, அதாவது ஃபைல் எத்தனை துண்டு நீளம் என்பது. ஒரு துண்டு பிஎஸ்டி வகைக்கு 1024 பைட், சிஸ்டம் ஃபைவ் வகைக்கு 512. 3000 பைட் ஃபைலுக்கு 3 என்றிருந்தால் முன்னது, 6 என்றால் பின்னது. லினக்ஸில் 'சம்' என்று மட்டும் அடித்தால் பிஎஸ்டி. மற்றதற்கு மைனஸ் எஸ் (-s) சேர்க்க வேண்டும். மேக்கில் 'சிகேசம்' (cksum) கமாண்ட்: பிஎஸ்டிக்கு மைனஸ் ஓ 1 (-o 1), சிஸ்டம் ஃபைவுக்கு மைனஸ் ஓ 2 (-o 2).

சிஸ்டம் ஃபைவ் வகையை ரொம்ப நம்ப வேண்டாம். பைட்டுகளைக் கூட்டுவதோடு சரி, வரிசை அதற்குத் தெரியாது. 'ஏபி' (ab), 'பிஏ' (ba) என்ற ஆங்கிலச் சின்ன எழுத்துகள் இரண்டுக்கும் 195தான். பிஎஸ்டி வகை ஒவ்வொரு பைட்டுக்கும் முன் ஒரு பிட் சுழற்றுவதால் 32914, 00146 என்று பிரிந்துவிடும். முன்னால் வரும் பூஜ்யத்தை எக்செல் தின்றுவிடும். அந்த எண்கள் வரும் நெடுவரிசையை டெக்ஸ்டாக மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

டெக்ஸ்ட் ஃபைல் மட்டும் பொருந்தவில்லையா? எஃப்டிபி வழியாக ஃபைலை அனுப்பும்போது, வரி முடிவுக் குறியை மாற்றிவிடும் ஆஸ்கி மோடில் வந்திருக்கும். வரிக்கு ஒரு பைட் வீதம் அளவு கூடியிருக்கிறதா பாருங்கள்.

ஆப்ஷன் இல்லாத 'சிகேசம்' தரும் சிஆர்சி (இன்னொரு வகை செக்சம்) வேறு, ஜிப் ஃபைலின் சிஆர்சி வேறு. முன்னது ஃபைல் நீளத்தையும் கணக்கில் சேர்க்கும்; இரண்டும் ஒத்துப்போகாது. பொருந்திய ஃபைல்களுக்கு உடனே எஸ்ஹெச்ஏ256 என்ற வலுவான செக்சம் எடுத்து வையுங்கள், 'சம்' தருவது 16 பிட் எண், அதற்கு இருப்பதே 65,536 மதிப்புதான்.