ஏஇசட்91 மக்னீசியக் கலவை: 80 நியூட்டனில் தேய்மானம் திடீரென எகிறுவது ஏன்?

டர்பன், ஆய்வு மாணவன்:
வணக்கம். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஏஇசட்91 பின்னை (pin, சிறு உருளைத் துண்டு) கடினப்படுத்திய எஃகுத் தட்டின்மேல், எண்ணெய் இல்லாமல், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் 1000 மீட்டர் தேய்த்து எடையிழப்பைப் பார்க்கிறேன். சுமை 20, 40, 60 நியூட்டன் வரை இழப்பு சீராகவே கூடியது. 80 வைத்ததும் அது பல மடங்காகி, பின்னின் விளிம்பு காளான் குடைபோலப் பிதுங்கிவிட்டது. போதாக்குறைக்கு, தண்ணீரில் கழுவி எடைபோட்ட பின் ஒன்று, மறுநாள் 0.4 மில்லிகிராம் கூடுதலாகக் காட்டியது. பழுது கருவியிலா, என் கையிலா?

சாட்ஸ்வர்த், வார்ப்புப் பட்டறைக்காரர்:
தம்பி, இரண்டிலும் இல்லை. உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால், 20 நியூட்டனில் பிறக்கும் வெப்பம் 6 வாட், 80 நியூட்டனில் 24 வாட். ஏறத்தாழ 9 விழுக்காடு அலுமினியம் உள்ள இந்தக் கலவைக்குக் கடினம் தருவதில் உலோக மணிகளின் (நுண்படிகங்களின்) எல்லைகளில் படியும் மக்னீசியம்–அலுமினியச் சேர்மத்துக்குப் பெரும் பங்குண்டு; அதுவோ 120 பாகை செல்சியசைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். அடியிலுள்ள உலோகம் இளகினால் மேலிருக்கும் ஆக்சைடுப் படலம் எதன்மேல் நிற்கும்? உலோகம் வழிந்து ஓரத்தில் பிதுங்குகிறது. 80 நியூட்டனில் 100 மீட்டருக்கு ஒருமுறை ஓட்டத்தை நிறுத்தி எடைபோட்டுப் பாருங்கள்.

எடை கூடியதற்குத் தண்ணீரும் நம் கடற்கரை ஈரமும்தான் காரணம். மேற்பரப்பில் மக்னீசியம் ஹைட்ராக்சைடு படிகிறது. எத்தனாலில் கழுவி, உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய கலத்தில் வைத்து நிறுங்கள். சீவல்களை ஈரம்படாமல் மூடியுள்ள இரும்பு டப்பாவில் வையுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, உலர்ந்த மணலைத்தான் கொட்ட வேண்டும்.

டர்பன், ஆய்வு மாணவன்:
அண்ணா, எத்தனாலுக்கு மாறியபின் எடை மாறாமல் நிற்கிறது. ஆனால் 100 மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தியபோது, மொத்தம் 1000 மீட்டர் ஓடியும் தேய்மானம் எகிறவே இல்லை.

சாட்ஸ்வர்த், வார்ப்புப் பட்டறைக்காரர்:
தவறு என்னுடையது. நிறுத்தும்போதெல்லாம் பின் ஆறிவிடும் என்பதை யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஆனாலும் சுமையும் தூரமும் மாறாதபோது, ஆறவிட்டதால் மட்டுமே தேய்மானம் குறைந்தது என்பது வெப்பத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி. இனி 200, 400, 600 மீட்டருக்குத் தனித்தனிப் புதிய பின் வைத்து, இடையில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். பின்னில், தட்டுக்கு 2 மில்லிமீட்டர் மேலே சிறு துளையிட்டு, வெப்பநிலை அளக்கும் வெப்ப இணையையும் செருகுங்கள்.

டர்பன், ஆய்வு மாணவன்:
செய்தேன். 400 வரை அமைதி. 600 ஓடிய பின்னில் மீண்டும் அதே காளான் குடை.