கோவா 1967: இணைப்புக் கட்சியை வெல்ல வைத்தவர்கள் இணைப்பை மறுத்தது ஏன்?

கேள்வி – கொங்கண வாசகர்:
போர்த்துக்கீசிய ஆட்சி 1961 டிசம்பர் 19 அன்று முடிவுக்கு வந்தபின், கோவாவில் 1963இல் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தலில், மகாராஷ்டிரத்துடன் இணைவதையே முதன்மைக் கோரிக்கையாகக் கொண்ட மகாராஷ்டிரவாதி கோமாந்தக் கட்சி வென்று, தயானந்த் பந்தோட்கர் முதலமைச்சரானார். ஆனால் 1967 ஜனவரி 16 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் அதே மக்கள் இணைப்பை நிராகரித்து, சில வாரங்களுக்குள் அதே கட்சியை மீண்டும் ஆட்சியில் அமர்த்தினர். இதை எப்படிப் புரிந்துகொள்வது? சுதந்திர இந்தியாவில் நடந்த ஒரே பொது வாக்கெடுப்பு இதுதான் என்பதும் சரியா?

மறுமொழி 1 – பழைய ஏடு:
தனியாக இருக்க 1,72,191 பேரும் இணைப்புக்கு 1,38,170 பேரும் வாக்களித்தனர், வேறுபாடு 34,021. அன்றைய கோவாவில் கத்தோலிக்கர் நாற்பது விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்ததால், இந்துக்களில் கணிசமானோர் இணைப்பை எதிர்க்காமல் இந்த முடிவு வந்திருக்க இயலாது. இணைப்பை எதிர்த்த ஜாக் டி செக்வேராவின் ஐக்கிய கோவர் கட்சியின் செல்வாக்கு பெரிதும் கத்தோலிக்கரிடையே இருந்த நிலையில், மராத்தி படிப்பவர்களை அவர்கள் மொழியிலேயே சென்றடைந்த ‘ராஷ்டிரமத்’ நாளேடும் அதில் உதய் பெம்ப்ரே எழுதிய பத்தியும்தான் திருப்பத்தை உண்டாக்கின என்பது என் கருத்து. சட்டமன்றப் பெரும்பான்மையைக் கொண்டே இணைப்பை முடித்துவிடாமல் மக்களிடமே கேட்க வேண்டும் என்று செக்வேரா வாதாடியிராவிட்டால், இந்த வாய்ப்பே வந்திராது.

மறுமொழி 2 – உழவன் மகன்:
முன்னவர் நாளேட்டுக்கு அளவுக்கு மீறிய பங்கைத் தருகிறார் என்று நினைக்கிறேன். பந்தோட்கருக்கு வாக்களித்தவர்களில் பலர், பாட்கார் எனப்படும் நிலவுடைமையாளர்களின் கீழ் தலைமுறைகளாக உழைத்த குத்தகை உழவர்கள்; 1964ஆம் ஆண்டு குத்தகைச் சட்டமும் சிற்றூர்களில் திறக்கப்பட்ட மராத்திப் பள்ளிகளும் அவர்களை அவரோடு பிணைத்தன. தங்களுக்கு நன்மை செய்த அந்த அரசு பணஜியில் நீடிக்க வேண்டுமென்றால், ஆட்சி மும்பைக்குப் போய்விடக் கூடாதல்லவா? ஆகவே, அவர்களுள் ஒரு பகுதியினர் தலைவரை ஏற்று, அவர் கோரிக்கையை மட்டும் தள்ளியதில் எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை. ஆயினும் பெர்னெம், சத்தரி போன்ற வட்டங்கள் இணைப்பின் பக்கமே நின்றன என்பதையும் மறைக்கலாகாது.

மறுமொழி 3 – சட்ட மாணவி:
‘ஒரே வாக்கெடுப்பு’ என்பது தவறு. ஜூனாகத்தில் 1948இலும், சந்திரநாகூரில் 1949இலும், சிக்கிமில் 1975இலும் வாக்கெடுப்புகள் நடந்துள்ளன. கோவாவுக்கென 1966இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. வாக்கெடுப்பு நேர்மையாக நடக்கும் பொருட்டு பந்தோட்கர் அரசு முன்னதாகவே பதவி விலகியது. இணைப்புக்குப் பூவும், தனித்திருத்தலுக்கு இரண்டு இலைகளும் சின்னங்களாக இருந்தன. (நம் ஊர் இரட்டை இலைக்கும் இதற்கும் தொடர்பில்லை, அது 1970களில் வந்தது.)

இன்னொன்று: மக்கள் அன்று மாநில உரிமைக்கு வாக்களித்ததாகப் பலர் எழுதுகிறார்கள். வாக்குச்சீட்டில் அந்தத் தெரிவே இல்லை. இணைப்பு, அல்லது ஒன்றியப் பகுதியாகத் தொடர்தல், இவ்விரண்டே இருந்தன. மாநிலத் தகுதி 1987 மே 30 அன்றுதான் கிடைத்தது. அதுவரை கோவாவுடன் ஒரே நிர்வாகத்தில் இருந்த டாமனும் டையூவும் அன்று தனி ஒன்றியப் பகுதியாயின.