ஜியோ வரலன்னா இந்தியாவுல நெட்டே வந்திருக்காதா?

கார்த்தி_4ஜி
எங்க பாத்தாலும் ரீசார்ஜ் கொள்ளைன்னு ஒரே புலம்பல். 2016க்கு முன்னாடி எப்படி இருந்தோம்னு எல்லாருக்கும் மறந்து போச்சா? 3ஜில 1 ஜிபிக்கு 250 ரூபா பக்கம் குடுத்தோம், அதையும் மாசம் பூரா இழுக்கணும்னு யூடியூப் பக்கமே போகாம, வாட்ஸப்ல போட்டோ தானா இறங்காத மாதிரி ஆஃப் பண்ணி வெச்சு, வேலை முடிஞ்சதும் டேட்டாவ கட் பண்ணிட்டு உக்காந்திருந்தோம். 2016 செப்டம்பர் 5 ஜியோ வந்துச்சு, அடுத்த வருஷம் மார்ச் 31 வரைக்கும் ஓசி. டெலிகாம் கம்பெனிகள கண்காணிக்குற அரசு ஆணையம் ட்ராய், அதோட கணக்குலயே 2014ல ஒரு ஜிபி சராசரியா 269 ரூபா, 2018ல 12 ரூபாய்க்கும் கீழ. இன்னிக்கு பூக்கார அக்கா கூடைல க்யூஆர் கோடு தொங்குதே, அது சும்மா வந்துச்சா?

பழைய_டவர்காரன்
தம்பி, ஓசில குடுத்தா யார்தான் வேணாம்பாங்க. அந்த ஓசி எப்படி ஓடுச்சுன்னு பாருங்க. ஒரு நெட்வொர்க்ல இருந்து இன்னொன்னுக்கு கூப்பிட்டா, கூப்பிட்டவன் கம்பெனி எடுத்தவன் கம்பெனிக்கு நிமிஷத்துக்கு 14 பைசா கட்டணும், ஐயூசின்னு பேரு. 2017 அக்டோபர்ல அதை 6 பைசாவா குறைச்சாங்க. யாருக்கு லாபம்? வாய்ஸ் ஃப்ரீன்னு சொல்லி கூட்டம் சேத்து, உள்ள வர்ற காலவிட வெளிய போற கால் அதிகமா வெச்சிருக்கறவனுக்கு. அப்புறம் 2018 பிப்ரவரில ஏர்செல் திவால், தமிழ்நாட்டுல டவரெல்லாம் படுத்து ஜனம் அதே நம்பரோட வேற கம்பெனிக்கு போர்ட் பண்ண முடியாம அல்லாடுச்சே, ஞாபகம் இருக்கா? அதே வருஷம் ஆகஸ்ட்ல வோடஃபோனும் ஐடியாவும் ஒண்ணாச்சு. டெலினார், டொகோமோ ரெண்டும் ஏர்டெல்லுக்குள்ள போச்சு. இப்ப மிச்சம் மூணு தனியார், ஒரு பிஎஸ்என்எல். ஆள் குறைஞ்சா ரேட்டு ஏறும், 2019, 2021, 2024னு ஏறிடுச்சு.

கார்த்தி_4ஜி
அண்ணே, அவங்கள்லாம் ஜியோ வர்றதுக்கு முன்னாடியே நுரை தள்ளிட்டு இருந்தவங்க. 2009ல டொகோமோ செகண்டுக்கு 1 பைசான்னு ஆரம்பிச்ச சண்டைல எல்லாரும் ரேட்ட வெட்டினாங்க, 2010ல 3ஜி ஏலத்துல கடன வாங்கி கொட்டினாங்க, 2012ல சுப்ரீம் கோர்ட்டு 122 லைசென்ஸ ஒரே அடியா ரத்து பண்ணுச்சு. 2019ல ஏஜிஆர் தீர்ப்பு, அதான் கம்பெனி வருமானத்துல கவர்மெண்டுக்கு எவ்ளோ பங்கு கட்டணும்ங்கற கேஸு, வந்து வோடஃபோன் ஐடியா தலைல விழுந்தது, அதையும் ஜியோ கணக்குல எழுதுவீங்களா? ரேட்டு ஏறிடுச்சுன்றீங்க, 2024ல ஏறின அப்புறமும் ஜியோல 299க்கு 28 நாள், தினம் 1.5 ஜிபி குடுத்தாங்க. ஜிபிக்கு வகுத்து பாருங்க, 7 ரூபா சொச்சம்தான் வருது.

ரீசார்ஜ்_கடை
ரெண்டு பேரும் சிம்மையே பேசுறீங்க, ஃபோன விட்டுட்டீங்க. ஜியோல 2ஜியும் கிடையாது 3ஜியும் கிடையாது, கால் கூட 4ஜி வழியாவே போற வோல்ட்டிதான், அதனால ஓசி சிம் வாங்கிட்டு போன பாதிப் பேரு மறுநாள் வந்து "அண்ணே கால் போகல"ன்னு நின்னாங்க, 4ஜி செட்டு இல்லாம அந்த சிம்ம வெச்சு என்ன பண்றது. 2014லயே ஷாவ்மி உள்ள வந்து ரெட்மி 1எஸ்ஸ 5,999க்கு வித்து மார்க்கெட்ட கலைச்சு வெச்சிருந்தான். நம்ம மைக்ரோமேக்ஸ், கார்பன் காரங்க 3ஜி ஸ்டாக்க கையில வெச்சிட்டு முழிச்சாங்க, 2016 நவம்பர்ல நோட்டு செல்லாதுன்னதும் கடைல காசு குடுத்து ஃபோன் வாங்குற யாவாரமே படுத்துருச்சு, அவங்க விக்கிறது முக்காவாசி கடைலதான். ஜியோ நல்ல நேரம் பாத்து வந்துச்சு, அவ்ளோதான். ஃபோன் விலை இறங்காம டேட்டா மட்டும் இறங்கியிருந்தா ஊருக்கு நாலு பேருதான் சந்தோஷப்பட்டிருப்பான்.

(எங்க யாவாரம் என்ன ஆச்சுன்னு யாரும் கேக்க மாட்டீங்க. மெமரி கார்டுல பாட்டு ஏத்திக் குடுக்குறது போச்சு, ரீசார்ஜும் எல்லாரும் ஆப்லயே போட்டுக்குறான். இப்ப டெம்பர் கிளாஸ் ஒட்டிட்டு இருக்கேன்.)

கார்த்தி_4ஜி
ஃபோன் இல்லாதவங்களுக்குத்தானே 2017ல ஜியோஃபோன் விட்டாங்க, 1,500 ரூபா டெபாசிட்டு, அதுவும் திரும்பத் தர்றேன்னு.

ரீசார்ஜ்_கடை
விட்டாங்க, நானும் வித்தேன். ஆனா வேற கம்பெனி சிம் அதுல எடுக்காது, அதையும் சேத்து சொல்லுங்க 😄

மலர்_எம்
நடுவுல ஒண்ணு கேக்குறேன். ஜிபிக்கு 7 ரூபான்னு வகுக்குறீங்களே, ஜிபியே தேவைப்படாதவங்களுக்கு என்ன கணக்கு? எங்க அம்மா பட்டன் ஃபோன்தான் வெச்சிருக்காங்க, அவங்களுக்கு வேண்டியதெல்லாம் இன்கமிங் வரணும், அவ்வளவுதான். முன்னாடி லைஃப்டைம் சிம்முல 10 ரூபா டாப்அப் போட்டா மாசக்கணக்குல ஓடும். 2018 கடைசில குறைஞ்சது 35 ரூபா போட்டாத்தான் இன்கமிங்னு ஆரம்பிச்சாங்க, 2024 ஜூலைக்கு அப்புறம் பெரிய கம்பெனில 28 நாளைக்கு குறைஞ்சதே 189, 199னு வந்து நின்னுச்சு. அதுலயும் டேட்டா ஃப்ரீயாம், பட்டன் ஃபோன்ல டேட்டாவ வெச்சு அம்மா என்ன பண்ணுவாங்க? நீங்க பாக்குற ரீல்ஸுக்கு அவங்க காசு கட்டுற மாதிரிதான் எனக்குத் தெரியுது.

இன்னொண்ணு, 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வேல இன்டர்நெட்ட ஒரு தடவையாவது தொட்ட ஆம்பளைங்க 57 சதவீதம், பொம்பளைங்க 33தான். ஓசி டேட்டா வந்து மூணு வருஷம் கழிச்சு எடுத்த கணக்கு அது. வீட்டுல இருக்குற ஒரு ஸ்மார்ட்ஃபோன் யார் சட்டைப்பைல இருக்குங்கறதுதான் விஷயம்.

கார்த்தி_4ஜி
அக்கா, அதுக்கும் ஜியோவையா திட்டுறது? வீட்டுல ஃபோன் குடுக்காதது ஆம்பளைங்க தப்பு. டேட்டா 250லயே இருந்திருந்தா அந்த 33 கூட வந்திருக்காது.

மலர்_எம்
நான் யாரையும் திட்டல தம்பி. "எல்லாருக்கும் சீப்பாச்சு"ன்னு சொல்றீங்க பாருங்க, அந்த எல்லாருல எங்க அம்மா இல்லன்றேன்.

பழைய_டவர்காரன்
மலர் சொல்றதுதான் பாயிண்டு. கவர்மெண்டு கம்பெனி ஒழுங்கா போட்டில இருந்திருந்தா அவனுங்க இந்த 28 நாள் வேலையெல்லாம் காட்ட முடியுமா? 28 நாள்னா வருஷத்துக்கு 13 ரீசார்ஜ், ட்ராயே 2022ல தலையிட்டு 30 நாள் பிளான் ஒண்ணாவது வைன்னு சொல்ல வேண்டியதாச்சு. மத்தவன் 2016ல 4ஜில பறக்குறான், பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி நாடு முழுக்கன்னு விழா எடுத்தது 2025 செப்டம்பர்ல. நடுவுல 78 ஆயிரம் பேருக்கு மேல விஆர்எஸ்னு விருப்ப ஓய்வு குடுத்து அனுப்பினாங்க. கைய கட்டிப் போட்டுட்டு ஓடலன்னா எப்படி ஓடும்.

கார்த்தி_4ஜி
அது கவர்மெண்டு சொதப்பல், தனியார் தப்பில்லையே.

பழைய_டவர்காரன்
சொதப்பலா, ஏற்பாடான்னு நீங்களே யோசிங்க.

ரீசார்ஜ்_கடை
மலரக்கா, ட்ராய் 2024 டிசம்பர்ல டேட்டா இல்லாம வாய்ஸ் மட்டும் பேக் கட்டாயம் தரணும்னு உத்தரவு போட்டுச்சு. 2025 ஜனவரில ஜியோ 448க்கும் ஏர்டெல் 469க்கும் 84 நாள் விட்டாங்க. ஆப்ல மேல காட்ட மாட்டான், கீழ தள்ளிட்டே போனா இருக்கும்.

மலர்_எம்
448ஐ மூணா வகுத்தா 28 நாளைக்கு 149 ஆச்சுண்ணே, 35ல இருந்து 149. அதையும் மொத்தமா ஒரே தடவைல கட்டணும். இதுக்கா இவ்ளோ கீழ தள்ளிட்டுப் போகச் சொல்றீங்க?

கார்த்தி_4ஜி
2018 விலைய 2025ல கேட்டா எப்படிக்கா, பால் விலை ஏறலயா?

மலர்_எம்
பால் விலையும் ஏறுச்சு. ஆனா கால் லிட்டர் போதும்னு கேட்டா கால் லிட்டர் குடுக்குறான்ல.