மத்தியானம் வோல்டேஜ் ஏறுதுங்க, கிரிட் சாஃப்ட்வேர் தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவுங்க

எல்லாருக்கும் வணக்கங்க. நமக்கு பாலக்காட்டு கிழக்க கொழிஞ்சாம்பாறை பக்கம். எங்க லைன்ல இப்ப நிறைய வீட்ல சோலார் போட்டாச்சு, நல்ல விஷயம்தான், ஆனா மத்தியான வெயில்ல தோட்டத்து மோட்டாரும் ஓடாது வீட்லயும் ஆளிருக்காது, எல்லார் கரண்டும் ஒண்ணா லைனுக்கு ஏறி, டிரான்ஸ்ஃபார்மருக்கு ரொம்ப தூரத்துல இருக்கற வீடுகள்ல வோல்டேஜ் 230ல நிக்காம மேல போயி சோலார் இன்வெர்ட்டர் தானா கட் ஆயிருது. சாயங்காலம் நேர் எதிர், லைட்டே மங்குது.

கம்பி மாத்தறது பெரிய செலவுங்க. அதுக்கு முன்னாடி லைன கம்ப்யூட்டர்ல மாடல் பண்ணி பாக்கலாம்னு இருக்கேன். இந்த மாதிரி லைன் கணக்கு போடற சாஃப்ட்வேர்ல, அமெரிக்காவோட மின்சார ஆராய்ச்சி நிறுவனம் எப்ரி (EPRI) 2008ல ஓப்பன் சோர்ஸா விட்ட ஓப்பன்டிஎஸ்எஸ் (OpenDSS) நல்லதா, பைத்தான்ல ஓடற பாண்டாபவர் (pandapower) நல்லதா? சிங்கிள் ஃபேஸ் சோலார்தான் ஜாஸ்தி, மூணு ஃபேஸும் தனித்தனியா கணக்கு போடணும், அதனால எனக்கு ஓப்பன்டிஎஸ்எஸ் பக்கம்தான் மனசு.

முக்கியமா கேக்கறது இன்வெர்ட்டர் செட்டிங். வோல்டேஜ் ஏறுனா ரியாக்டிவ் பவர (வேலை எதுவும் செய்யாம லைன்ல போயிட்டு வந்துட்டு இருக்கற பவர்) இழுக்கற வோல்ட்-வார் மோடு இருக்கில்லீங்க, வீட்டு லைன் கம்பில ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி, அங்க அது போதுமா, இல்ல உற்பத்தியவே குறைக்கற வோல்ட்-வாட்டும் சேத்து வெக்கணுமா? வோல்ட்-வாட் வெச்சா கடைசி வீட்டுக்காரங்களுக்கு மட்டும் நஷ்டம், அது நியாயமே இல்லைங்க. நேர்ல செட் பண்ணி பாத்த அண்ணாமாரு அக்காமாரு யாராச்சும் இருந்தா சொல்லுங்க. மாடல்ல போட ஸ்மார்ட் மீட்டரோட அரைமணி நேர ரீடிங் பேரு நம்பர் இல்லாம கிடைச்சாலும் போதும்.