வண்ணமூட்டிய பழைய பிரிட்டிஷ் போர்க்கால நகைச்சுவைப் படங்கள்: பார்த்தவர்களின் அனுபவப் பகிர்வு

லங்காஷயரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நான் வேலை செய்கிறேன். அங்கே வாரம் ஒரு பிற்பகல் பொதுக்கூடத்தில் பழைய படம் போடுவது வழக்கம். ஜார்ஜ் ஃபார்ம்பி நடித்து, ஈலிங் ஸ்டுடியோ 1940இல் வெளியிட்ட ‘லெட் ஜார்ஜ் டூ இட்’ படத்தை யாரோ செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு வண்ணமாக்கி இணையத்தில் ஏற்றியிருந்ததைக் கண்டு, இம்முறை அந்தப் பிரதியையே திரையிட்டோம்.

ஃபார்ம்பி இந்தப் பக்கத்து விகன் ஊர்க்காரர். அவருடைய பேச்சின் இழுவையும், பான்ஜோலெலே என்னும் சிறிய தந்திக் கருவியைத் தட்டிக்கொண்டு அவர் பாடும் பாட்டும் இங்குள்ள முதியவர்களுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது போன்ற மகிழ்ச்சியைத் தருபவை. கதை எளிமையானது. இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிளாக்பூலுக்குப் போக வேண்டிய இசைக்கலைஞர் ஒருவர், வான்தாக்குதலுக்கு அஞ்சி இரவில் விளக்குகளை மறைத்துவைக்கும் இருட்டடிப்பில் தடுமாறி, நார்வே நாட்டு பெர்கன் துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் ஏறிவிடுகிறார். அங்கே ஓர் இசைக்குழுத் தலைவர், வானொலியில் ஒலிபரப்பாகும் இசைக்குள்ளேயே சங்கேதம் வைத்து, பிரிட்டிஷ் கப்பல்கள் புறப்படும் விவரத்தை ஜெர்மானியர்களுக்குத் தெரிவித்து வருகிறார். அதைக் கண்டுபிடிக்க வந்த உளவாளி இவர்தான் என்று எல்லோரும் எண்ணிவிடுவதிலிருந்து கூத்து தொடங்குகிறது.

முதல் பாட்டு வரும் வரை நிறத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேள்வி எழுந்தது இருட்டடிப்புக் காட்சியில்தான். மென்பொருள் அந்த இரவு முழுவதற்கும் அழகான நீல நிறத்தைப் பூசியிருந்தது. தொண்ணூறைக் கடந்த ஒரு மூதாட்டி, போர் தொடங்கியபோது பள்ளிச் சிறுமியாக இருந்தவர், “அந்த இரவுகள் ஒருபோதும் நீலமாக இருந்ததில்லை” என்று உரக்கச் சொன்னார். தெருவிளக்கு ஒன்றுகூட எரியாத அந்நாட்களில், நடைபாதையின் விளிம்புக் கற்களுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருப்பார்களாம். அதைக் காலால் தடவித் தடவித்தான் வீடு வந்து சேர வேண்டுமாம். திரைச்சீலை ஓர் அங்குலம் விலகி வெளிச்சம் தெரிந்தாலும், இருட்டடிப்பைக் கண்காணிக்கும் வார்டன் கதவைத் தட்டிவிடுவாராம். படத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து அவர் சொல்வதை எல்லோரும் கேட்டோம். சும்மா சொல்லக் கூடாது, படத்தைவிட அது நன்றாக இருந்தது.

இந்தப் படத்தின் புகழ்பெற்ற காட்சி ஒரு கனவு. ஃபார்ம்பி பலூனிலிருந்து நாஜிக் கூட்டத்தின் நடுவே இறங்கி ஹிட்லரின் முகத்தில் குத்துவார். குத்து விழுந்ததும் கூடத்தில் கைதட்டல் எழுந்தது. ஆனால் அங்கிருந்த சிப்பாய்களின் கைப்பட்டை சிவப்பாக இல்லாமல் சாக்லேட் நிறத்தில் இருந்ததை ஒரு பெரியவர் கண்டுபிடித்து, கடைசி வரை அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்துக்கொண்டிருந்தார். பாட்டுக் காட்சிகளில் பான்ஜோலெலேயின் தோல்முகத்துக்கும் வாசிப்பவரின் கைக்கும் ஒரே நிறம் இருந்ததையும், கை நகர்ந்த பிறகும் கையின் நிறம் ஒரு கணம் அங்கேயே தங்கிவிட்டதையும் நான் கவனித்தேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர் முடிந்து வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரு பெண்மணி, கருப்பு வெள்ளைப் படம் என்றாலே அறைக்குத் திரும்பிவிடுபவர், அன்று முழுப் படத்தையும் இருந்து பார்த்தார்.

சென்னையிலிருந்து:

அம்மா, அந்தச் சாக்லேட் நிறத்துக்குக் காரணம் இருக்கிறது. பழைய ஃபிலிம்களை எண்ணிமமாக்கும் பணியில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்.

இந்த மென்பொருள்கள் லட்சக்கணக்கான வண்ணப் படங்களை முதலில் சாம்பல் நிறமாக்கி, பிறகு அந்தச் சாம்பலிலிருந்து அசல் நிறத்தை ஊகிக்கும்படி பயிற்றுவிக்கப்பட்டவை. புல்லும் வானமும் முகமும் எப்போதும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருப்பதால் அவற்றை நன்றாகவே ஊகித்துவிடும். துணி அப்படியல்ல. கருப்பு வெள்ளையில் ஒரே அடர்த்தியில் தெரியும் ஒரு பட்டை சிவப்பாகவும் இருக்கலாம், பச்சையாகவும் இருக்கலாம், நீலமாகவும் இருக்கலாம். எதைச் சொன்னாலும் பெரிதாகத் தப்பு வராமல் இருக்க, மென்பொருள் எல்லாவற்றுக்கும் நடுவில் உள்ள மங்கிய பழுப்பைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. நாஜிக் கைப்பட்டை சிவப்பு என்ற வரலாறு அதற்குத் தெரியாது.

2004இல் வெளிவந்த ‘மொகல்-ஏ-ஆசம்’ வண்ணப் பிரதியிலும், 2010இல் தெலுங்கில் வந்த ‘மாயாபஜார்’ வண்ணப் பிரதியிலும் நிறங்களை மனிதர்கள் முடிவுசெய்தார்கள். அவற்றிலும் எனக்குக் குறைகள் தெரிகின்றன என்றாலும், யாரோ ஒருவர் உட்கார்ந்து இந்தச் சேலைக்கு இந்த நிறம் என்று யோசித்திருக்கிறார் என்ற நிறைவாவது உண்டு.

எனக்கு இதில் பெரிய வருத்தம் ஒளியமைப்பைப் பற்றியது. கருப்பு வெள்ளைக்கு ஒளியமைத்தவர்கள் முகத்தைப் பின்னணியிலிருந்து வெளிச்சத்தாலேயே பிரித்துக் காட்டினார்கள். பார்வை தானாக நடிகரின் முகத்துக்குப் போகும். நகைச்சுவைப் படத்தில் இது முக்கியமானது, ஏனென்றால் பாதிச் சிரிப்பு முகம் மாறும் அந்த அரை நொடியில்தான் இருக்கிறது. நிறம் ஏறியதும் பின்னால் இருக்கும் சுவர்த்தாளும் மேசை விரிப்பும் கண்ணை இழுத்துவிடுகின்றன.

ஒரு வழி சொல்கிறேன், செய்து பாருங்கள். பெரும்பாலான வண்ணப் பிரதிகளில் அசலின் வெளிச்ச அளவுகள் அப்படியே இருக்கும், நிறம் மேலே பூசப்பட்டதுதான். தொலைக்காட்சியின் படத் தெரிவுகளுக்குச் சென்று கலர் அளவைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தால் பழைய படம் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் வினாடிக்கு 24 சட்டகங்களை 60 ஆக்கி, ஃபிலிமின் துகள்களையும் வழித்தெடுத்து, முகங்களை மெழுகுப் பொம்மைகளாக்கியிருந்தால் அதற்கு இந்த வைத்தியம் உதவாது.

லங்காஷயரிலிருந்து:

நன்றி, ஐயா. நீங்கள் சொன்னபடியே அடுத்த முறை கலரைப் பூஜ்ஜியத்தில் வைத்து, கனவுக் காட்சியையும் இருட்டடிப்புக் காட்சியையும் மட்டும் மறுபடி போட்டேன். இருட்டடிப்பைப் பார்த்த மூதாட்டி, இப்போது சரியாக இருக்கிறது என்று தலையசைத்தார். சாக்லேட் பட்டை போய்விட்டதே என்று அந்தப் பெரியவர் மட்டும் குறைப்பட்டுக்கொண்டார். முன்பு முழுப் படத்தையும் பார்த்த பெண்மணியோ பத்தாவது நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். ஆகவே இனி எந்தப் பிரதியைப் போடுவது என்பதில் எங்கள் இல்லத்தில் ஒருமித்த கருத்து இல்லை.

திருச்சியிலிருந்து:

சென்னை நண்பர் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டு அனுபவம் சற்று வேறு. நகைச்சுவை நடிகர் வில் ஹே நடித்த ‘தி கூஸ் ஸ்டெப்ஸ் அவுட்’ என்ற 1942ஆம் ஆண்டுப் படத்தை எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகனுடன் பார்க்கப் பல நாட்கள் முயன்றேன். கருப்பு வெள்ளை என்று தெரிந்ததும் அவன் கைப்பேசியை எடுத்துவிடுவான். வண்ணப் பிரதி கிடைத்தபோது உட்கார்ந்தான்.

ஒரு ஜெர்மானியத் தளபதியின் சாயலில் இருக்கும் பள்ளி ஆசிரியரை பிரிட்டன் ஜெர்மனிக்கு அனுப்பிவைக்கிறது. அங்கே பிரிட்டனுக்குள் ஊடுருவப் பயிற்சி பெறும் மாணவர்களுக்கு ஆங்கிலேயப் பழக்கவழக்கங்களைக் கற்றுத்தருவது அவர் வேலையாகிறது. புறங்கையை எதிராளியின் பக்கம் காட்டி இரண்டு விரல்களை உயர்த்துவது ஆங்கிலேயர்களிடையே கெட்ட வசவு. அதையே மரியாதைக்குரிய வணக்கம் என்று அவர் சொல்லிக்கொடுக்க, வகுப்பே விறைப்பாக எழுந்து நின்று ஹிட்லரின் படத்துக்கு அந்த வணக்கத்தை வைக்கிறது. பின்னாளில் பெரிய நடிகரான பீட்டர் உஸ்தினோவ் அந்த மாணவர்களில் ஒருவர். விஷயத்தை விளக்கியதும் என் மகன் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். (வில் ஹே வானியல் ஆர்வலரும்கூட. 1933இல் சனிக் கோளின் மேல் ஒரு வெண்புள்ளியைக் கண்டறிந்தவர் அவர் என்று நான் சொன்னதை அவன் நம்பவே இல்லை.)

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. படம் முடிந்ததும் அவன், “இது அந்தப் போரைப் பற்றிப் பிற்காலத்தில் எடுத்த படம்தானே?” என்று கேட்டான். நிறம் இருந்ததால், எல்லாம் முடிந்து நிம்மதியாக உட்கார்ந்து எடுத்த கேலிப் படம் என்று நினைத்திருக்கிறான். இதை எடுத்த ஆண்டின் பிப்ரவரியில்தான் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது, வட ஆப்பிரிக்காவின் எல் அலமெய்னில் பிரிட்டனுக்கு வெற்றி அந்த ஆண்டின் இறுதியில்தான் கிடைத்தது என்று விளக்கியதும், “அப்படியானால் யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாமலேயா இவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்?” என்றான். கருப்பு வெள்ளையில் பார்த்திருந்தால் படத்தின் காலத்தை நான் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. ஆனால் கருப்பு வெள்ளையில் அவன் பார்த்திருக்கவே மாட்டான்.

ஒரு திருத்தமும் உண்டு. போர்க்கால பிரிட்டனில் வண்ணப் படமே இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ‘கர்னல் பிளிம்ப்’ படம் 1943இல் டெக்னிகலர் என்ற வண்ண முறையில் வந்தது. செலவு அதிகம், ஃபிலிமும் தட்டுப்பாடு என்பதால், ஃபார்ம்பி, வில் ஹே போன்றவர்களின் விறுவிறு நகைச்சுவைப் படங்களுக்கு அந்த வசதி கிட்டவில்லை.

லண்டனிலிருந்து:

மேலே பேசப்படுவது ஊகித்த நிறம். ஊகிக்காத நிறத்தைப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. உள்ளூர்க் காவற்படை முதியவர்களைப் பற்றிய ‘டாட்ஸ் ஆர்மி’ பிபிசி தொலைக்காட்சித் தொடரை நான் இந்நாட்டுக்கு வந்த நாள்முதல் மறுஒளிபரப்புகளில் பார்த்து வருகிறேன். 1969இல் வண்ணத்தில் பதிவுசெய்யப்பட்ட ‘ரூம் அட் தி பாட்டம்’ அத்தியாயம், தொலைக்காட்சித் திரையைப் படமெடுத்த கருப்பு வெள்ளை ஃபிலிம் பதிவாக மட்டுமே எஞ்சியிருந்தது. ஒளிபரப்பில் நிறத்தைச் சுமக்கும் மின் சமிக்ஞையை வடிகட்டாமல் அந்த ஃபிலிமை எடுத்திருந்ததால், படத்தின் மேல் நுண்ணிய புள்ளிகள் விழுந்திருந்தன. பல ஆண்டுகள் பழுது என்றே கருதப்பட்ட அந்தப் புள்ளிகளிலிருந்து அசல் நிறத்தையே கணக்கிட்டு மீட்டு, 2008 டிசம்பரில் பிபிசி மறுபடி ஒளிபரப்பியது.

அந்தக் காவற்படையின் தலைவரான கேப்டன் மேன்வாரிங் முறைப்படி அதிகாரியாக நியமிக்கப்பட்டவரே அல்லர் என்று மேலிடம் கண்டுபிடித்து, அவரைச் சாதாரணச் சிப்பாயாக்கிவிடும் அத்தியாயம் அது. நிறம் சில இடங்களில் சற்று வெளிறியும் கலங்கியும் இருந்தது. இருந்தாலும் மேன்வாரிங்காக நடித்த ஆர்தர் லோ அணிந்திருந்த காக்கியின் நிறம் அன்றைக்கு அரங்கில் இருந்த காக்கியிலிருந்தே வந்தது என்ற எண்ணத்துடன் பார்த்தபோது, இணையத்தில் கிடைக்கும் பளபளப்பான வண்ணப் பிரதிகள் எதிலும் கிட்டாத நம்பிக்கை எனக்கு ஏற்பட்டது. ஃபார்ம்பி, வில் ஹே படங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவை எடுக்கப்பட்ட ஃபிலிமில் நிறம் பற்றிய தகவல் எதுவுமே பதியவில்லை.