உவர் நிலத்து விதைநெல்லுக்கு உப்பு ஞாபகம் இருக்குமா?

உப்பூர்_விதை: உவர் வயல்ல விளைஞ்ச சித்திரைக்கார் நெல்லை விதைக்கு எடுங்க. தாய்ப்பயிர் பட்ட உப்பு விதையில பதிஞ்சு பரம்பரைக்கும் தாங்கும். டிஎன்ஏ எழுத்து மாறாது, மேல ஒட்டுற மெத்தில்ங்கிற வேதிக்குறிதான் மாறும். இதான் எபிஜெனெட்டிக்ஸ்.

திருவாடானை_மண்: பரம்பரைக்குமா? 2016-ல அராபிடாப்சிஸ் செடியில வந்த ஆய்வுல ஞாபகம் தாய்வழியாத்தான் இறங்குச்சு. உப்பில்லாம ஒரு தலைமுறை வளர்த்ததும் போயிருச்சு. ஒரே தலைமுறை!

உப்பூர்_விதை: அது கடுகுக் குடும்பத்துக் களை. நெல்லு வேற.

திருவாடானை_மண்: நெல்லுக்கே வாங்க. கேரளத்து உவர்நில நெல்லு பொக்காளி உப்பைத் தாங்குறதுல பெரும்பங்கு முதல் குரோமோசோம்ல இருக்குற சால்டோல் பகுதிக்கு. அது மரபணு, ஒட்டுக்குறி இல்ல. உவர்ல தப்பிச்ச கதிரை மட்டும் அறுத்தா கலப்பு விதையில தாங்குறது தங்கும், மத்தது கழியும். அதுக்குப் பேரு தெரிவு. சோதிக்கணும்னா ஒரே கதிர் வழி வந்த விதையை ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணை உப்புலயும் ஒண்ணை நல்ல தண்ணியிலயும் வளருங்க. அடுத்த போகம் ரெண்டுக்கும் நல்ல தண்ணி. அதுக்கடுத்ததுதான் உப்புல விடணும். விதை எடையையும் சமமாப் பொறுக்கணும், சாவி (பதர்) கலந்தா முளைப்பு குறைஞ்சு கணக்கு கெட்டுரும். இன்னொண்ணு, ஐப்பசி மழையில மேல்மண் உப்பு கழுவிரும், மழை விட்டாத்தான் திரும்ப ஏறும். உங்க தாய்ப்பயிர் எந்தப் பருவத்துல உப்புப் பட்டுச்சு? மண்ணு உப்பைக் காட்டுற மின்கடத்துத்திறன், அதான் இ.சி., அளந்தீங்களா?

உப்பூர்_விதை: போன தடவையும் இதே இ.சி. பேச்சுத்தான். பதிஞ்சது பதிஞ்சதுதான்.

தேவிபட்டினம்_நாத்து: அப்ப விதைக் கடினப்படுத்துறது? கிலோ விதைக்கு ஒரு லிட்டர் தண்ணி, பத்து கிராம் பொட்டாசியம் குளோரைடு, 16 மணி நேரம் ஊறல், அப்புறம் வெயில்ல உலர்த்தணும்.

திருவாடானை_மண்: வெயில் கூடாது, நிழல். பழைய எடைக்கு வர்ற வரைக்கும். வேகமாக் காஞ்சா விதை வெடிக்கும். முளை வெள்ளை தட்டினப்புறம் காய வச்சா செத்தே போகும். அந்தப் பலனும் அந்த விதையோட சரி.

தேவிபட்டினம்_நாத்து: காலை வெயில் ஒண்ணும் பண்ணாது.

தொண்டி_மிளகாய்: குண்டு மிளகாய்க்கும் உவர் விதையே எடுக்கலாமா?

திருவாடானை_மண்: மிளகாய்ல தேனீ பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தையும் கொண்டாந்துரும். சான்று விதைக்கே 200 மீட்டர் இடைவெளி கேக்குறாங்க. அந்த இடைவெளி விடாம எடுத்த விதையில எந்த ஞாபகத்தைத் தேடுவீங்க?

உப்பூர்_விதை: மிளகாயை விடுங்க. நெல்லுல பதியும்.

திருவாடானை_மண்: எத்தனை தலைமுறைக்கு? எண்ணைச் சொல்லுங்க.

தேவிபட்டினம்_நாத்து: நிழல்ல போட்டா மழைநாள்ல பூஞ்சணம் பிடிக்கும். அதுக்கு யாரு பதில் சொல்றது?

உப்பூர்_விதை: பரம்பரைக்கும்னு முதல்லயே சொல்லிட்டேன்.