ஆர்டர் இல்லாத நேரத்துல ரேட்டைக் குறைக்கலாமா?

அம்பத்தூர் டர்னிங்:
பெரிய கம்பெனிங்களுக்குப் பார்ட் கடைஞ்சு குடுக்குற எங்களை மாதிரி சின்னப் பட்டறைக்காரங்களுக்கு, எஸ்டேட்ல போன வாரம் நடந்த ஒரு கூட்டத்துல பேசினவர், "மந்தமான காலத்துல மிஷின் நிக்கவே கூடாது, கேட்ட ரேட்டுக்குக் குடுத்து ஓட்டுங்க"ன்னு அடிச்சுச் சொன்னார். நிறைய பேர் ஆமாம்னாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். 2019ல வண்டி விற்பனை படுத்து, பெரிய கம்பெனிங்களே வேலையில்லா நாள் அறிவிச்சப்பவும் இதே யோசனையைத்தான் சொன்னாங்க. அப்போ எங்க தெருவுல இறங்கின ரேட், மார்க்கெட் எழுந்த பிறகும் ஏறல. ஆர்டர் குடுக்குற கம்பெனியோட பர்சேஸ்காரங்க கம்ப்யூட்டர்ல அந்த ரேட் ஒரு தடவை ஏறிட்டா, அடுத்த வருஷம் அதுல இருந்துதான் இன்னும் குறைன்னு கேப்பாங்க. ஷிப்டைக் குறைங்க, ரேட்டைத் தொடாதீங்க.

கிண்டி ஷெட்:
அண்ணே, உங்களுக்குச் சொந்த ஷெட். வாடகை ஷெட்ல இருக்கறவன் கணக்கு வேற. சிஎன்சி மிஷின், அதான் கம்ப்யூட்டர்ல ஓடுற கடைசல் மிஷின், ஒரு மணிக்கு 400 ரூபாய் ரேட்னு வச்சுக்கோங்க. இஎம்ஐ, வாடகை, கரன்ட்டுக்கு நிலைக்கட்டணம், ஆபரேட்டர் சம்பளம் எல்லாம் சேர்த்து 260. மிஷின் ஓடினாலும் ஓடாட்டியும் இது போயே தீரும். 2022 செப்டம்பர்ல மின்கட்டணம் ஏத்தினதுல இருந்து நிலைக்கட்டணமே பெரிய பாரம். ஓடினா மட்டும் ஆகுற செலவு இன்சர்ட்ங்கற வெட்டு முனை, சூடு தணிக்கிற கூலன்ட், ஓடுன கரன்ட் யூனிட் – ஒரு 90 ரூபாய். 280க்கு வேலை வந்தா அந்த 90 போக 190 மிஞ்சும், 260ல அவ்வளவு தேறும். மிஷினை மூடி வச்சா அந்த 260 முழுசும் நம்ம தலையில. எது மேல்?

இன்னொண்ணு, ஆளு. ட்ராயிங்கைப் பார்த்து, மிஷின்ல அளவு திருத்தம் போட்டு, முதல் பீஸையே சரியா எடுக்குற ஆபரேட்டரை இன்னைக்கு வேலை இல்லன்னு அனுப்பினா, அவன் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய கம்பெனிக்குப் போயிடுவான். ஆர்டர் திரும்பி வர்றப்போ அவன் வரமாட்டான்.

அம்பத்தூர் டர்னிங்:
தம்பி, கணக்கு காகிதத்துல சரிதான். அந்த 190 எப்போ கைக்கு வரும்? 280க்கு அடிச்சுக் கேக்குற பார்ட்டி பெரும்பாலும் 120 நாள் பேமென்ட்காரன். பில் போட்ட அடுத்த மாசம் 20ஆம் தேதி ஜிஎஸ்டி நம்ம கையிலருந்து கட்டணும், அவன் குடுத்தானா இல்லையான்னு யாரும் கேக்க மாட்டாங்க. இன்சர்ட் கடைக்காரன் 30 நாள்ல கேப்பான். சம்பளம் 7ஆம் தேதி. மூணு மாசம் இப்படி ஓட்டினா பேங்க்ல தொழில் செலவுக்கு எடுக்குற சிசி கடன் அக்கவுன்ட் வரம்பு முட்டி நிக்கும். மிஷின் சத்தம் கேக்குறதால தொழில் நடக்குதுன்னு நினைச்சுக்கறோம். உண்மையில அந்தக் கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் குடுத்துட்டு இருக்கோம்.

பாடி கணக்கர்:
ரெண்டு பேரும் ரேட்டைப் பத்திப் பேசுறீங்க, வியாதி பாக்கியில இருக்கு. நான் கணக்கு பார்க்குற பட்டறைகள்ல, ஆர்டர் இல்லாம மூடினதை விட வரவேண்டிய பணம் வராம மூடினதுதான் அதிகம். 2006ல வந்த குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளைக்குள்ள பணம் வரணும். எழுத்துல ஒப்பந்தம் இல்லன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் வங்கியோட வங்கி வட்டி விகிதத்துல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. அரசோட இணையதளத்துல புகார் போட்டா, இதை விசாரிக்கிற கவுன்சிலுக்குப் போகும். தீர்ப்பு நமக்குச் சாதகமா வந்து, வாங்குனவர் அப்பீல் போகணும்னா 75 சதவீதத்தை முதல்ல கட்டணும். உத்யம்ங்கற அரசோட சிறு நிறுவனப் பதிவு வச்சிருக்கற எத்தனை பேர் பில்லுல அந்த நம்பரையாவது அடிக்கிறீங்க?

கிண்டி ஷெட்:
சார், சட்டம் எல்லாம் இருக்கு. புகார் போட்ட மறுமாசம் பிஓ, அதான் ஆர்டர் சீட்டு, வேற ஷெட்டுக்குப் போயிடும். ரெண்டே கஸ்டமரை நம்பி இருக்கறவன் எப்படிப் போடுவான்? 2023-24 நிதியாண்டுல இருந்து, நமக்கு அந்தக் கெடு தாண்டி பாக்கி வச்சா வாங்குனவர் அந்த வருஷ வருமான வரியில அந்தச் செலவைக் கழிக்க முடியாதுன்னு வந்ததே, அப்போ என் கஸ்டமர் ஒருத்தர் "உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டா ஆர்டர் தொடர்ந்து குடுக்கலாம்"னு சொன்னார். இதுதான் நிலவரம்.

எஸ்டேட் டிபன் வண்டி:
தம்பிங்களா, உங்க கேட்டுக்கு வெளியில வண்டி போட்டிருக்கறவங்க சார்பா நானும் சொல்றேன். நீங்க ஷிப்டைக் குறைச்சா அந்தச் செய்தி எங்களுக்கு மறுநாள் காலையிலதான் தெரியுது. மாவு அரைச்சு, சாம்பார் வச்சு, பாத்திரம் நிறைய இட்லியோட நிப்போம், ஆளு வராது. நாங்க எங்கே ரேட்டைக் குறைக்கிறது? எங்களுக்கு ஆளு வரலன்னு 19 கிலோ சிலிண்டர் விலை குறையாது. நான் சாயங்கால தோசையை நிறுத்திட்டேன். காலையில இட்லி, பொங்கல், டீ மட்டும்.

இந்த மாதிரி நேரத்துலதான் தண்டல்காரர் வந்து நிப்பார். 10,000னு பேரு, கைக்கு வர்றது 8,500, தினம் 100 ரூபாய்னு 100 நாள். வருஷத்துக்குக் கணக்குப் போட்டா வட்டி 100 சதவீதத்துக்கு மேல. வண்டி வச்சிருக்கறவங்க கார்ப்பரேஷன் அடையாள அட்டை இருந்தா 2020ல வந்த ஸ்வநிதி கடனை பேங்க்ல கேளுங்க. முதல்ல 10,000 குடுத்தாங்க, ஒழுங்கா கட்டினா அடுத்தது கூடுதலா. ஜாமீன் கேக்க மாட்டாங்க, ஒழுங்கா கட்டினா வட்டியில 7 சதவீதம் மானியம்.

அம்பத்தூர் அண்ணே, ஆளை வீட்டுக்கு அனுப்புற முடிவை சுலபமா சொல்லிட்டீங்க. அவன் வீட்டு வாடகை, பால், பிள்ளை ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் இந்தத் தெருவுக்குள்ளதான் சுத்துது. கிண்டி தம்பி சொல்றதுதான் எனக்குச் சரியாப் படுது.

அம்பத்தூர் டர்னிங்:
அக்கா, ஷிப்டைக் குறைக்கச் சொன்னேன், ஆளை நிறுத்தச் சொல்லல. ஓ.டி.யை நிறுத்தி, வாரத்துக்கு ஒரு நாள் கூடுதல் லீவு விட்டு, எல்லாரையும் வச்சிருக்கலாம். ஆனா முன்கூட்டியே வெளியில சொல்லணும்ங்கறது நியாயம். வாரக் கடைசியில அடுத்த வார ஷிப்டை கேட்ல எழுதி ஒட்டலாம், செலவே இல்ல.

பாடி கணக்கர்:
கிண்டி தம்பிக்கு: உத்யம் பதிவை மட்டும் ரத்து பண்ணாதீங்க. அதை விட்டா வட்டி கேக்குறதே சிக்கலாயிடும். இப்போ ஓடுற கஸ்டமர் மேல புகார் வேண்டாம். ஜனவரியிலயே உத்யம் நம்பரோட பாக்கிப் பட்டியலை அவங்க அக்கவுன்ட்ஸ் துறைக்கு அனுப்புங்க, பர்சேஸுக்கு இல்ல. மார்ச் 31க்குள்ள தீர்க்கலன்னா அவங்க வரிதான் கூடும், அவங்க ஆடிட்டரே கேப்பார். 250 கோடிக்கு மேல விற்றுமுதல் உள்ள கம்பெனின்னா ட்ரெட்ஸ்ங்கற, பில்லை வச்சு பேங்க்ல பணம் வாங்குற இணையதளத்துல சேர்ந்தே ஆகணும்னு விதி. உங்க பில்லை அவங்க அதுல ஒத்துக்கிட்டா பேங்க் வட்டியைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடியே பணம் குடுத்துடும், அந்தக் கம்பெனி கட்டலன்னாலும் உங்க கிட்ட திருப்பிக் கேக்க மாட்டாங்க.

கடன்ல தவணை தள்ளுச்சுன்னா 90 நாள் முழுசா போக விடாதீங்க. அதுக்குள்ள மேனேஜரைப் பார்த்தா மறுசீரமைப்புக்கு வழி இருக்கும், வாராக்கடன்னு முத்திரை விழுந்தா பேச்சே மாறிடும். 2020ல கொரோனா சமயத்துத் தவணைத் தள்ளிவைப்பை எடுத்து, அதுக்கு மேல அரசு உத்தரவாத அவசரக் கடனும் வாங்கினவங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு இஎம்ஐ சேர்ந்து வந்தது. புதுக் கடன் வாங்கறதுக்கு முன்னாடி அந்த மாசம் எதுன்னு காலண்டர்ல பாருங்க.

கிண்டி ஷெட்:
அக்கவுன்ட்ஸுக்கு அனுப்பற யோசனை நல்லா இருக்கு சார், செய்றேன். ரேட் விஷயத்துல நான் மாறல. ஆனா ஒரு கட்டுப்பாடு வச்சுக்கறேன்: குறைஞ்ச ரேட் இதுவரைக்கும் பண்ணாத புது பார்ட்டுக்கு மட்டும், பிஓல அளவும் கடைசித் தேதியும் எழுதி, பாதி அட்வான்ஸோட.

அம்பத்தூர் டர்னிங்:
பாதி அட்வான்ஸ் குடுக்குற பார்ட்டி 280க்கு ஏன் கேக்கப் போறான் தம்பி? கிடைச்சா எடுங்க, தப்பில்ல. ஓடிட்டு இருக்கற பார்ட்டோட ரேட்டை மட்டும் இறக்கிடாதீங்க. அந்தப் பார்ட்டை நாங்க நாலு ஷெட் பண்றோம், நீங்க இறக்கினா மத்த மூணு பேருக்கும் அன்னைக்கே ஃபோன் வரும்.